தேரிக்குப் போனபோது கேட்ட கேள்வி

எட்டாம் வகுப்புச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் வேண்டாம், குதிரைமொழித் தேரிக்குப் போவோம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பிடிவாதமாக நின்றவன் நான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தார் பாலைவனத்தை வரைபடத்தில் பிசகாமல் குறிக்கும் பிள்ளைகள், திருச்செந்தூருக்கு எத்தனையோ முறை போயும் பக்கத்திலிருக்கும் தேரி என்கிற இந்தச் செம்மணல் மேடுகளைப் பார்த்ததில்லை. 1986-இல் அந்தப் பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அது நெல்லைச் சீமைதான்.

மேட்டில் நின்று உற்சாகமாகவே பேசினேன். காற்று குவித்த மணல் இது, இரும்பு ஆக்சைடால் சிவந்தது என்றேன். இங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956-இல் தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் எழுதியதைச் சொன்னேன். மழைநீர் மணலுக்குள் இறங்கிவிடுவதையும், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையையும் விளக்கினேன்.

அப்போதுதான் ஒரு பையன் கேட்டான்: "இவ்வளவு நல்ல இடம் என்றால் எங்கள் தாத்தா ஏன் சார் இங்கிருந்து போனார்?"

"பிழைப்புக்காகப் போயிருப்பாரடா. அதற்கு மண் என்ன செய்யும்?"

"பிழைப்பே இந்த மண்ணில்தான் சார் இருந்தது. காலையிலும் சாயங்காலமும் பனை ஏறினார். விழுந்த பிறகுதான் நிறுத்தினார்."

நான் உடனே கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டேன். நேரமும் ஆகியிருந்தது, அது பொய்யில்லை. பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றும் கருப்பட்டியை எல்லோரும் ருசித்தார்கள். அவனும் வாங்கித் தின்றான்.

அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நம் ஊரில் என்ன இருக்கிறது' என்றே பிள்ளைகள் வளர்வதை ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஊரை நேசிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த மணலை அழகு என்று சொல்ல எனக்கு முடிந்தது, நான் அதில் பனை ஏறாததால்தானோ என்னவோ. அப்படியானால் அவன் தாத்தாவுக்கு அது அழகாகவே தெரிந்திருக்காது என்று முடிவுகட்டவும் எனக்கு உரிமையில்லை. அவரிடம் யார் கேட்டார்கள்?

இந்த ஆண்டு அவரையே அழைத்துப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லலாம் என்று தோன்றியது. விழுந்த கதையை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் முன் அவரைச் சொல்லவைப்பது சரியா? அந்தப் பையனிடம் இன்னும் கேட்கவில்லை. சுற்றுலாப் படிவத்தில் இடம் என்ற கட்டத்தில் மட்டும் மறுபடியும் தேரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.