சர்ச் லீக்கில் பெண்கள் ஃப்ளாக் ஃபுட்பால்: எங்கெல்லாம் மாட்டுவீர்கள்?

கலிஃபோர்னியாவில் கத்தோலிக்கப் பங்குகள், அதாவது அந்தந்த வட்டாரச் சர்ச்சுகள், சேர்ந்து நடத்தும் சிவைஓ (கத்தோலிக்க இளைஞர் அமைப்பு) லீக்கில், பெண் பிள்ளைகள் அணி ஒன்றை ஒருவழியாகக் களத்தில் இறக்கியாகிவிட்டது. ஃப்ளாக் ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பால்தான், ஆனால் ஆளைப் பிடித்து வீழ்த்தாமல், இடுப்பு பெல்ட்டில் தொங்கும் ஃப்ளாக் என்ற நாடாவைப் பிடுங்கி நிறுத்துவார்கள். ஆட்டம் பிடிபடாமல் யாரும் திணறவில்லை. ஆறு வாரத்தைத் தின்றது பேப்பர் வேலை. அதில் கொஞ்சம், நம் ஊர்ப் பெயர்களால் வந்த வினை.

ஆன்லைன் பதிவு பத்து நிமிடம்தான். ஆனால் 'கேர்ள்ஸ்' என்று ஒரு வரி, 'கோ-எட்' (இருபாலர் கலந்த அணி) என்று ஒரு வரி இருக்கும். அவசரத்தில் கோ-எட்டைத் தட்டிவிட்டால் பிள்ளை பையன்களோடு போய்விடுவாள், பெண்கள் அணிக்கும் தலை குறையும். களத்தில் ஐந்து பேர்தான் என்று ஐந்து பேரோடு நிறுத்தாதீர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு அரங்கேற்ற ஒத்திகை என்றால் ஆட்டமே கைவிட்டுப் போகும். எட்டுக்குக் குறையாமல், பத்து இருந்தால் நிம்மதி. ஆள் தேடுவது முன்போல் கஷ்டமில்லை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, இந்த ஆட்டத்தை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது. அதே ஆண்டில்தான் கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளும் பெண்களுக்கான அதிகாரபூர்வ விளையாட்டாக இதை ஆரம்பித்தன.

அடுத்த பொறி பங்கு அலுவலகம். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறோம், சாமியாருக்கு முகம் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது. குடும்பப் பதிவுப் படிவம் நிரப்பி அவர்களுடைய கம்ப்யூட்டரில் பெயர் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அந்தப் பங்குப் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லாமல் நேரில் வரவழைத்து, "நீங்கள் லிஸ்டில் இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு மதியம் வீண். கிளம்பும் முன், குடும்பம் பதிவாகியிருக்கிறதா என்று ஈமெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதுச் சான்று என்றதும் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழை நீட்டாதீர்கள். பலருடையதில் குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாகவே கிடக்கும். ஞானஸ்நானச் சான்றிதழில் பள்ளியில் இல்லாத ஒரு புனிதர் பெயர் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தால் கேள்வியே வராது.

இனி கைரேகை. கோச்சுக்கு உதவியாகப் பந்து பொறுக்கிப் போடுகிறவருக்கும் இது உண்டு. 2022 ஜனவரியிலிருந்து அமலில் உள்ள கலிஃபோர்னியாவின் ஏபி 506 சட்டப்படி, சிறுவர் அமைப்புகளில் மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலோ பிள்ளைகளோடு இருக்கும் தன்னார்வலர்களுக்குக் கைரேகைச் சோதனையும், சிறார்மீதான வன்முறை பற்றிய பயிற்சியும் கட்டாயம். வாரம் இரண்டு பயிற்சி, ஒரு ஆட்டம் என்று வைத்தாலே எட்டு வாரத்தில் அந்தக் கணக்கு வந்துவிடலாம்.

"பள்ளிக்கூடத்துக்கு ஏற்கெனவே கைரேகை கொடுத்தாச்சே" என்று வாதாடிப் பயனில்லை. லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகைப் பதிவு) முடிவு, கேட்ட அமைப்புக்கு மட்டும்தான் போகும். இன்னொரு அமைப்போடு அதைப் பகிர முடியாது. படிவத்தின் மேலே உள்ள ஓஆர்ஐ எண்தான் அது எங்கே போகிறது என்று தீர்மானிக்கிறது. எனக்குத் தரப்பட்ட படிவத்தில் இருந்தது வேறொரு அமைப்பின் எண். கட்டணம் கட்டி, ரேகை பதித்து, மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் முடிவு வேறெங்கோ போய்ச் சேர்ந்தது தெரிந்தது. தப்பு யாருடையது என்று படிவம் தந்த இடத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து. ரேகை எடுக்கும் கடைக்குப் போகும் முன் ஓஆர்ஐ எண்ணை லீக்கிடம் ஒரு எழுத்து விடாமல் சரிபாருங்கள். கையில் வரும் நகலில் ஏடிஐ எண் இருக்கும், அதை வைத்து நிலவரம் பார்க்கலாம். தொலைக்காதீர்கள்.

இனிஷியல்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்து, விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று ஏறியவர்கள் நம்மில் ஏராளம். ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் லைவ் ஸ்கேன் படிவத்திலும் பயிற்சிச் சான்றிதழ்களிலும் எழுத வேண்டும். அப்பா பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் என்றால், இரண்டு வேறு ஆட்கள் என்றே கணக்கு வைப்பார்கள். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் 'ஹெட்ஸ் அப்' தலைக்காயப் பயிற்சி இலவசம், சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் சான்றிதழை அப்போதே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டுத்தான் பக்கத்தை மூட வேண்டும். விரல் காய்ந்திருந்தால் ரேகை சரியாக விழாது, நிராகரித்து மறுபடி வரச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே லோஷன் தடவுங்கள்.

உடுப்பு விஷயம்: ஷார்ட்ஸில் பாக்கெட் இருக்கவே கூடாது. ஃப்ளாக்கைப் பிடுங்க வரும் விரல் பாக்கெட்டில் சிக்கினால் முறியும். பெண்கள் ஷார்ட்ஸில் பாக்கெட் கிடைக்காது என்று காலமெல்லாம் புலம்பியவர்களுக்கு இங்கே மட்டும் லாபம். ஷார்ட்ஸும் ஃப்ளாக்கும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது. உலோக முள் வைத்த ஷூ கூடாது, ரப்பர் முள் போதும். பல் காப்பு வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகை. ஆட்டத்துக்கு முந்தைய இரவே செய்துவிடுங்கள்.

தோடு, கொலுசு, சிலுவைச் சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும், சர்ச் லீக்காக இருந்தாலும். டேப் ஒட்டிக் காட்டினால் பல ரெஃப்ரீக்கள் ஏற்பதில்லை. புதிதாகக் காது குத்தியிருந்தால் துளை தூர்ந்துவிடும், சீசன் முடிந்தபின் குத்துங்கள். நீளப் பின்னல் ஃப்ளாக்கை மறைக்கும், தூக்கிக் கொண்டையாகக் கட்டிவிடுங்கள்.

ஆட்டத்தில் பிள்ளைகள் கொஞ்சமாவது தடுமாறியது 'ஓடக் கூடாத பகுதி'யில்தான். நடுக்கோட்டுக்கும் எண்ட் ஸோனுக்கும் (புள்ளி எடுக்கப் பந்தோடு போய்ச் சேர வேண்டிய கடைசிப் பகுதி) முந்தைய 5 கஜத்தில் பந்தை எறிந்துதான் ஆட வேண்டும். பந்து தரையில் விழுந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும், பாய்ந்து அள்ளுவதில் பயனில்லை. குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிகிறவளை) நோக்கிப் பாய்கிறவள் 7 கஜம் தள்ளி நின்று புறப்பட வேண்டும். கபடி பார்த்து வளர்ந்தவர்கள் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கலாம்: எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார். கண் ஏமாற்றும். ஆனால் கபடிபோல் கட்டிப்பிடித்தால் பெனால்டி.

பெல்ட்டை இறுக்கியபின் தொங்கும் வால் பகுதியை உள்ளே செருகுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். முதல் ஆட்டத்தில் எதிரணிப் பெண் ஃப்ளாக்குக்குப் பதில் அந்த வாலை இழுத்துக்கொண்டு பத்து கஜம் கூடவே ஓடினாள்.