லீஜன் 290: சுருண்ட முதுகை நிமிர்த்திய மூன்று நாள்

அமெரிக்க டிசி நிறுவனத்தின் 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' காமிக்ஸ், இதழ் 290, ஆகஸ்ட் 1982. பால் லெவிட்ஸ் எழுத, கீத் கிஃபன் வரைந்த 30-ஆம் நூற்றாண்டுக் கதை. 294 வரை ஓடும் 'கிரேட் டார்க்னஸ் சாகா' இதில்தான் தொடங்குகிறது. இந்த ஐந்தும் வரிசையாக நிற்பதே ஓர் அழகு. அதற்கு முதல் இதழ் நேராக இருக்க வேண்டும். என் பிரதியின் நிலை: முதுகு, அதாவது பின் அடித்த ஓரம், இடப்பக்கம் சுருண்டிருக்கிறது, முன்னட்டைக் கீழ்மூலையில் மடிப்பு, பின்னட்டையில் விரல் அழுக்கு.

முதல் நாள், அழுக்கு. புகைக்கரி துடைக்கும் ரப்பர் ஸ்பாஞ்சை 2 செ.மீ. துண்டாக வெட்டி, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பளபளப்பு மங்கும். பின்னட்டை ஓரத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பாஞ்சில் அழுக்கோடு மையும் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டேப்ளர் பின்னைச் சுற்றி அரை செ.மீ. தொடவே கூடாது, காகிதம் அங்கே கிழியக் காத்திருக்கும்.

இரண்டாம் நாள், ஈரப்பதம். உண்மையில் மடிப்பை எடுப்பது இதுதான்; சூடு அதை நிலைநிறுத்துகிறது, அவ்வளவே. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, ஒரு மூலையில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு, மேலே கம்பித் தட்டில் இதழ். ஒன்றரை மணி நேரம் போதும். அட்டையைத் தொட்டால் சில்லென்று, துணிபோலத் துவள வேண்டும். மணிக்கணக்கில் விட்டால் உள்ளேயுள்ள நியூஸ்பிரிண்ட் தாள் உப்பும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். அதோடு சூட்டில் அட்டை சுருங்கினால் பக்கங்கள் வலப்புறம் வெளியே நீட்டிக்கொள்ளும். அப்படி நீட்டியதைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது பெரும்பாடு.

உடனே ஹீட் பிரஸ், அதாவது சூடான தட்டால் அழுத்தும் கருவி. நடுப்பக்கத்தில் ஒரு மெல்லிய அட்டை; பின்னின் தடம் மற்ற பக்கங்களில் பதியாமல் காப்பது அதுதான். முன்னட்டை, பின்னட்டை இரண்டுக்கும் உள்ளேயும் வெளியேயும் ஒட்டாத சிலிக்கோன் ரிலீஸ் பேப்பர், மேலும் கீழும் இரண்டிரண்டு தாங்கு அட்டைகள். 65 டிகிரி, 10 நிமிடம், நடுத்தர அழுத்தம். டயல் காட்டும் சூட்டை நம்பாமல் வெப்பமானியில் பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, திறக்காமல் மறுநாள் வரை அப்படியே. சூட்டோடு எடுத்தால் முதுகு பழையபடி சுருளும்.

மூன்றாம் நாள் திறந்தபோது முதுகு முக்கால்வாசி நேரானது. மூலை மடிப்பு படிந்துவிட்டது. ஆனால் மை உடைந்த இடத்தில் 6 மி.மீ. வெள்ளைக் கோடு அப்படியே நிற்கிறது. எந்த பிரஸ்ஸும் போன மையைத் திருப்பித் தராது. மார்க்கர் பூசி மறைக்கும் ஆசை வரும், வேண்டாம்: காமிக்ஸுக்குத் தரமிடும் நிறுவனமான சிஜிசி, வண்ணம் பூசிய பிரதிக்குப் பழுதுபார்த்தது என்று ஊதா லேபிள் போட்டுவிடும். அழுத்துவதை அது பழுதுபார்ப்பாகக் கொள்வதில்லை.

இப்போது பாலியெஸ்டர் உறையில், கால்சியம் கார்பனேட் சேர்ந்த அட்டையோடு இருக்கிறது. பிவிசி உறை வேண்டாம், அது காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து முதுகு மீண்டும் வளைந்திருந்தால், ஈரப்பதத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து இன்னொரு சுற்று. அதன் பிறகே 291.