வடிவேலு படம் வீட்டுக்கு வரும் நாள்

2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனியின் சினிமா விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் கிடைத்தது ஞாபகம் இருக்கிறதா? வடிவேலு படம் கண்ணில் பட்டால் வாங்காமல் நகர மாட்டேன். ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’யை எத்தனை தடவை போட்டிருப்போமோ! தட்டு கீறல் விழுந்து நின்றுவிட்டால், மிச்ச வசனத்தை வீட்டில் நாங்களே பேசி முடித்துவிடுவோம்.

அப்புறம் அவர் படமே வராத வருஷங்கள். 2021 ஆகஸ்டில், அவர் நடிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் போட்டிருந்த தடை நீங்கிய செய்தியைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன், வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்த மாதிரி.

‘மாமன்னன்’ 2023 ஜூன் 29 அன்று வெளியானது. முதல் வாரமே பார்த்தேன். இத்தனை வருஷம் நம்மைச் சிரிக்க வைத்த முகம் அப்படி உடைந்து அழும் என்று நினைக்கவே இல்லை. ஜூலை 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் படத்தின் ‘ராசா கண்ணு’ பாட்டு அவர் குரலில் இன்னும் காதில் இருக்கிறது.

2025இல் ‘கேங்கர்ஸ்’, பிறகு ஃபகத் ஃபாசிலோடு ‘மாரீசன்’. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து அமைதியாக வருகிறாரே, அதில் எவ்வளவு நடிப்பு!

இப்போது வீட்டில் டிவிடி பிளேயர் இல்லை. தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. உங்களிடம் எந்தப் படம் இருக்கிறது?