அப்பா வேண்டாமென்ற ஸ்டியரிங்

கடலூர் பக்கம் பெண்கள் யாராவது கனரக வாகன ஓட்டுநர் உரிமம் எடுக்க நினைத்தால் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். ஹெவி லைசென்ஸ் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். அலுவலகத்தில் நடக்க வேண்டிய வேலைகள் எல்லாம் வரிசையாக நடந்துவிடும். வீட்டில் நடக்க வேண்டியதுதான் எனக்கு நாளெடுத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் அப்பா லாரி டிரைவர். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு, நெய்வேலியிலிருந்து பழுப்பு நிலக்கரி, அப்புறம் சிமெண்ட், முந்திரி மூட்டை என்று எல்லா லோடும் ஏற்றியவர். அரவைக் காலத்தில் ஆலை வாசலில் வண்டி வரிசையில் நிற்கும்போது இரவெல்லாம் அங்கேயே கிடப்பார். சின்ன வயதில் அவர் கூட கேபினில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஆனால் எனக்கு ஆசை வந்தது லாரி மேல் இல்லை, பஸ் மேல். ஐம்பது பேர் நம்பி ஏறி உட்கார்ந்திருக்கும் வண்டி என் கையில் ஓட வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே நினைத்திருக்கிறேன். கல்யாணமாகி, குழந்தைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்து, லாரன்ஸ் ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலும் அந்த ஆசை அப்படியே இருந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா, “ஏண்டி, உனக்கு வேற வேலையே கெடைக்கலையா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்றார். என் வீட்டுக்காரர், “கார் கத்துக்கோ, நானே பணம் கட்டுறேன். பஸ்ஸெல்லாம் நமக்கு வேணாம்” என்றார். தம்பி, “அக்கா, ஓட்டித்தான் ஆகணும்னா ஒரு குட்டி யானை எடுத்துக்கோ” என்றான். அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியைச் சாதாரண கார் உரிமத்தை வைத்தே ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. சின்ன வண்டியில் சொந்தத் தொழில் செய்ய நினைக்கும் பெண்களுக்கு அது நல்ல வழி. நான் கேட்டது அது இல்லை.

அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார். “பாப்பா, நான் உங்கள இந்தப் பொழப்புக்கு வரக்கூடாதுன்னுதான் அந்தப் பொழப்பப் பாத்தேன்” என்றார். பிறகு ஒவ்வொன்றாக அடுக்கினார். வழியில் ஒதுங்க இடமிருக்காது. விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் தூக்கம் கண்ணைக் கட்டும். இடுப்பு போய்விடும். வண்டி நடுரோட்டில் நின்றால் கூட நிற்க ஆளிருக்காது. ஒரு சின்ன உரசல் என்றாலும் கூட்டம் பெரிய வண்டிக்காரனைத்தான் அடிக்க வரும். பொம்பளை என்றால் அடிக்க மாட்டார்கள், அதைவிட மோசமாகப் பேசுவார்கள்.

அம்மா சொன்னதற்கு எனக்குக் கோபம் வந்தது. அப்பா சொன்னதற்குக் கோபப்பட முடியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவர் உடம்பில் பட்டது. நம் மேல் பிரியம் உள்ளவர்கள் தடுக்கும்போது அதில் பயமும் இருக்கும், தகவலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கி எறிந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான் என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பா சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். ஒதுங்க இடம், இரவு ஓட்டம், வண்டி நின்றால் உதவி: இவை மூன்றும் நீண்டதூர லாரிக்கு உள்ள பிரச்சினைகள். குறிப்பிட்ட வழியில் பகலில் ஓடும் பஸ்ஸுக்குப் பெரிதாக இல்லை. ஆக, என்ன வேலை தேட வேண்டும் என்பதை அப்பாவின் மறுப்பே எனக்குச் சொல்லிவிட்டது. இடுப்பு வலி உண்மை, அதற்கு உடம்பைத் தயார் செய்யலாம். ஊர்ப்பேச்சை நாம் நிறுத்த முடியாது, அதை நோட்டில் அடித்துவிட்டேன்.

இனி உரிமத்துக்கு வருகிறேன். கனரக வாகனம் என்றால் சட்டப்படி மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேல். அதற்கு விண்ணப்பிக்க 20 வயது முடிந்திருக்க வேண்டும், அதோடு கார் உரிமம் வாங்கி குறைந்தது ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். என்னிடம் ஸ்கூட்டர் உரிமம் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்காரர் சொன்னபடியே முதலில் கார் கற்றுக்கொண்டேன். அந்த ஒரு வருடக் காத்திருப்பில் நான் மறந்துவிடுவேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஏலச்சீட்டில் வந்த பணத்தை எடுத்துப் பயிற்சிக் கட்டணத்துக்குத் தனியாக வைத்தபோதுதான் நான் மறக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. அப்போது வீட்டில் கொஞ்ச நாள் பேச்சே இல்லை. அது கஷ்டமான காலம். சமைத்து வைப்பேன், வீட்டுக்காரர் சாப்பிடுவார், தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போவார்.

கனரக வாகனத்துக்கும் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமத்தைத் தனியாக எடுக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றை டாக்டரிடம் வாங்க வேண்டும். கண்பார்வை, நிறம் பிரித்தறிவது, காது, கை கால் எல்லாம் பார்ப்பார்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் முடிந்த பிறகே தேர்வுக்குப் போகலாம். முக்கியமான இன்னொன்று படிவம் 5. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் படித்ததற்கான சான்று அது, இல்லாமல் கனரக உரிமம் கிடைக்காது. கனரகத்துக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் வண்டியை நாமே ஓட்டும் நேரம் 15 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பணத்தைக் கட்டிவிட்டு உங்களைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து வேடிக்கை காட்டினால், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எட்டாவது படித்திருக்க வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2019-இல் எடுத்துவிட்டார்கள்.

நான் போன முதல் பயிற்சிப் பள்ளியில், “லேடீஸுக்கு ஹெவி சொல்லித் தர்றதில்லம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்த மாஸ்டர் வயதானவர். “மொதல்ல சீட்ட உன் உயரத்துக்கு வைம்மா” என்றார், அவ்வளவுதான். பெண் என்பதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பயிற்சி லாரியில் கிளட்ச்தான் முதலில் வதைத்தது. இடது முழங்கால் இரவெல்லாம் குத்தும். அதன் பிறகு ஏர் பிரேக். காரில் மிதித்ததும் பிடிக்கும். இதில் காற்றழுத்தம்தான் பிரேக். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மீட்டரில் அழுத்தம் ஏறும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. பிரேக்கைத் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப மிதித்தால் காற்று குறைந்துகொண்டே வரும், அலாரம் அடிக்கும். கேப்பர் மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்க மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார்.

எனக்குப் பெரிய சவால் திருப்பம். பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். மஞ்சக்குப்பம் பக்கம் முனையில் நிற்கிற சைக்கிள்காரர் நம் முன்பக்கம் தாண்டிவிட்டதால் தப்பித்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது. பின்சக்கரம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. இது எனக்குப் புரியாமல் ஒரு இரவு அப்பாவிடம் கேட்டேன். அவர் சம்மதம் சொல்லியிருக்கவே இல்லை. இருந்தாலும் எழுந்து போய் ஒரு குச்சி எடுத்து வந்து வாசல் மண்ணில் கோடு போட்டார். ஒரு தீப்பெட்டியை வைத்து நகர்த்திக் காட்டினார். “மொனைய நெனச்சுத் திருப்பாத, பின்டயர நெனச்சுத் திருப்பு. கண்ணாடியில பாத்துக்கிட்டே இரு” என்றார். அரை மணி நேரம் பேசினார். அதன் பிறகு தினமும் ஒரு கேள்வியோடு வீட்டுக்குப் போனேன். ரிவர்ஸ் எடுக்கும்போது டெயில் எந்தப் பக்கம் போகும், மழையில் லோடு இல்லாத வண்டி ஏன் வழுக்குகிறது, டயரை ஏன் தட்டிப் பார்க்கிறீர்கள். நாற்பது வருடம் செய்த தொழிலைப் பற்றி மகள் கேட்கும்போது அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொன்னதை ஒரு நாளும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் என் வாத்தியார்களில் அவரும் ஒருவராகிவிட்டார்.

வீட்டில் பிடிவாதமாக நிற்கும் ஒருவரிடம் சம்மதம் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: சம்மதத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுப் பாருங்கள்.

தேர்வு நாளில் ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பது, ரிவர்ஸ், கை சைகை, சொன்ன இடத்தில் நிறுத்துவது என்று பார்த்தார். முழங்கால் நடுங்கியது உண்மை, வண்டி நடுங்கவில்லை. உரிமம் தபாலில் வந்தது. இந்த உரிமம் ஐந்து வருடம்தான் செல்லும், பிறகு மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும்.

வேலை கிடைக்கத்தான் தாமதமானது. “அனுபவம் இருக்கா?” என்று கேட்பார்கள், அனுபவத்துக்கு யாராவது வண்டியைக் கொடுக்க வேண்டுமே. கடைசியில் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் டிரைவர் சீட் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். லாரியில் பழகிய கைக்கு இது வேறு கணக்கு. திருப்பத்தில் நாம் முனையைத் தாண்டிய பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஏறும்போதே என்னைப் பார்த்துவிட்டு இறங்கி நின்றவர்களும் உண்டு. ஷிப்டுக்கு நேரமாகிவிடுமே என்று அவர்களே ஏறிக்கொண்டார்கள். இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு வேண்டியதும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி 1993-இலேயே அரசுப் பேருந்து ஓட்டுநர் ஆனவர். ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் என்னைப் போன்றவர்களை ஊரே நின்று பார்க்கிறது என்றால், நம் ஊர்களில் பெண்களுக்குக் கிளட்சும் கியரும் கற்றுக்கொடுக்க ஆட்கள் முன்வரவில்லை என்றுதான் அர்த்தம். ஆசைப்பட்ட பெண்கள் இல்லாமல் போகவில்லை.

என் வீட்டுக்காரர் இப்போது காலை ஷிப்டுக்கு நான் கிளம்பும் நாட்களில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவிடுகிறார். அம்மா இன்னும் சொந்தக்காரர்களிடம் நான் “கம்பெனியில வேலை” என்றுதான் சொல்கிறார். அதை நான் திருத்தவில்லை. அவர் எப்போது சொல்கிறாரோ அப்போது சொல்லட்டும். இரவு ஷிப்டு வண்டி எடுப்பதில்லை என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது அவருக்காக மட்டும் இல்லை, அவர் சொன்ன காரணம் சரி என்பதால்.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பத்தாம் வகுப்பு, கனரக உரிமத்தோடு 18 மாத அனுபவம், பேட்ஜ், முதலுதவிச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். ஓட்டுநருடன் நடத்துநர் வேலையும் சேர்ந்த பணி என்றால் நடத்துநர் உரிமமும் வேண்டும். முதலுதவிச் சான்று வாங்கிவிட்டேன். நடத்துநர் உரிமத்துக்கான விண்ணப்பத்தைப் போன வாரம் அப்பாதான் கூட வந்து நின்று நிரப்ப வைத்தார்.