கிழக்கே கடல், மேற்கே வாவி: மட்டக்களப்பைப் படமெடுக்க

மட்டக்களப்பில் சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் விழும். கல்லடியில் இந்த இரண்டுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான். அதனால் பார்க்க வேண்டிய இடங்களை வரிசை போட்டுக்கொண்டு ஓடாமல், வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போனாலே போதும்.

விடியலுக்குக் கல்லடிக் கடற்கரை. ஆண்டு முழுதும் சூரியன் 6 மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாகவே எழும்பும்; 5.30க்கே அங்கே நிற்க வேண்டும். வானத்து நிறம் இருபது நிமிடத்துக்கு மேல் தங்காது. ஏசி அறையிலிருந்து கமராவை நேரே எடுத்து வந்தால் லென்ஸில் ஆவி படிந்து அந்த இருபது நிமிடமும் வீண். கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை துடைக்கத் துடைக்கப் படியும். அரை மணி முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிடுங்கள். போனில் எடுப்பவர்கள் சூரியனுக்குப் பக்கத்து வானத்தை விரலால் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்தால், தோணிகள் கருநிழலாகவும் வானம் அதன் நிறத்திலும் வரும். வெயில் ஏறியபின் இது தலைகீழ். வெளிர் மணலைக் கமரா சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும்.

அதே கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் 2004 சுனாமியில் சாய்ந்தது. இதைத்தான் பலரும் பிழையாக எடுக்கிறார்கள். கிட்ட நின்று அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால் நேரான கட்டடமும் சாயும். பிறகு சாய்ந்தது கோபுரமா, கமராவா என்று யாருக்குத் தெரியும்? தள்ளிப்போய், கமராவை மட்டமாகப் பிடித்து, தொடுவானத்தையோ நேரான ஒரு கம்பத்தையோ படத்துக்குள் சேருங்கள்.

வீச்சு வலைக்காரரிடம் "அண்ணே, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். வலை விரிந்து நிற்பது கண்சிமிட்டும் நேரம்தான். ஷட்டர் வேகம் 1/1000 செக்கன், அவர் உடம்பைப் பின்னுக்குத் திருப்பும்போதே தொடர் படத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும்.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை புளியந்தீவில் இருக்கிறது. அதன் பிம்பம் வாவியில் விழும் படம் வேண்டுமென்றால் காலையில் போங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் வாவி கலங்கிக் கிடக்கும். நடுப்பகல் வெயில் மதிலுக்கு ஆகாது, பாசிக்குடாக் கடற்கரைக்கு ஆகும்: வெயில் உயர ஏறினால்தான் ஆழமற்ற அந்தக் கடலின் நீலம் தெளியும். லென்ஸில் மாட்டும் போலரைசர் கண்ணாடி இருந்தால் நீர்மேல் பளபளப்பும் குறையும். கரைக்கு வந்ததும் உப்பைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், லென்ஸில் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். ட்ரோனுக்கு முன் அனுமதி தேவை. விமான நிலையமும் அருகிலேயே இருக்கிறது.

மாலைக்குக் கல்லடிப் பழைய இரும்புப் பாலம். 2013இல் புதிய பாலம் வந்தபின் இங்கே ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். ஆனாலும் ஒரு சைக்கிள் கடந்தாலே தட்டு அதிரும். ட்ரைபொட் வைத்து ஷட்டரை நாலு செக்கன் திறந்தால் படம் இரட்டை. பாலத்தின் மேல் ஐ.எஸ்.ஓ.வை (கமராவின் ஒளியுணர்வை)க் கூட்டி, ஷட்டர் வேகம் 1/60க்குக் கீழே போகாமல் எடுங்கள், நீண்ட நேரப் படத்துக்குக் கரைக்கு இறங்குங்கள்.

நிலவுக்கு எல்லாரும் பூரணையன்று வருவார்கள். அதற்கு முதல் நாளே நல்லது: சூரியன் மறையும் முன்பே நிலா ஏறியிருக்கும், வானத்திலும் வெளிச்சம் மிச்சமிருக்கும், பாலத்தின் இரும்பும் தெரியும். 200 மி.மீ. லென்ஸிலும் நிலா சென்சரில் ஏறக்குறைய 2 மி.மீ.தான். பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நகரப் பக்கக் கரையில் பாலத்தைவிட்டு எட்டப்போய் நின்று, நீண்ட லென்ஸால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆனியில் நிலா கொஞ்சம் தெற்கே தள்ளி எழும்பும், மார்கழியில் வடக்கே. நிற்கும் இடத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். நிலா தாழ்வில் நிற்கும்போது ஷட்டர் 1/60, லென்ஸ் துவாரம் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200 என்று தொடங்கி, அது மேலே ஏற ஏற வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.