படம் வந்துவிட்டது என்று நம்பிய ஐந்து மாதங்கள்

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட்-19 பரவலைத் தடுக்க எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு வந்த அலுவலக மடிக்கணினி, அதன்பிறகு முழுமையாக அலுவலகம் திரும்பவே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் இன்றும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். சம்பளக் கணக்குத் தாள்களை 14 அங்குலத் திரையில் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு, வீடு மாறிச் சென்ற பக்கத்து புளோக் நண்பர் ஒருவரிடமிருந்து 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கினேன். அதற்கு முன்பே வரவேற்பறைத் தொலைக்காட்சியில் கம்பியில்லாமல் இணைத்துப் பார்த்திருந்தேன். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டன, சிவப்பு எழுத்துகள் சாயம் போன துணிபோலக் கலங்கித் தெரிந்தன, போதாக்குறைக்கு அம்மாவின் நாடக நேரமும் குறுக்கிட்டது.

என் மடிக்கணினியில், திரைக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ துளை கிடையாது. இரண்டு யுஎஸ்பி-சி துளைகளும், மவுஸும் விசைப்பலகையும் செருக இரண்டு பழைய செவ்வகத் துளைகளும் மட்டுமே உண்டு. மானிட்டரிலும் யுஎஸ்பி-சி துளை இருந்ததால், கைத்தொலைபேசியோடு வந்த கேபிளை எடுத்து இரு முனைகளையும் செருகினேன். எதுவும் நடக்கவில்லை. மானிட்டர் பழுது என்று நண்பரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன், நல்லவேளையாகச் சொல்லவில்லை. யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு மட்டுமே வைத்த பெயர் என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை. மின்சாரம், தரவு, படம் ஆகிய மூன்றும் அந்தத் துளை வழியே போக முடியும் என்றாலும், படம் போவதற்குக் கணினியின் துளை ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதியைப் பெற்றிருக்க வேண்டும். கேபிளுக்குள்ளும் அதற்குரிய அதிவேகக் கம்பிகள் இருக்க வேண்டும். தொலைபேசியோடு வரும் கேபிள்களில் பெரும்பாலும் மின்னேற்றத்துக்கும் மெதுவான தரவுக்கும் வேண்டிய கம்பிகள் மட்டுமே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

அடுத்த சனிக்கிழமை ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் காட்டியவற்றில் விலை உயர்ந்த ஒன்று இரண்டு திரைகளை இணைக்கும் பெட்டி. ஆனால் அது வேலை செய்ய டிஸ்பிளேலிங்க் மென்பொருளைக் கணினியில் நிறுவியாக வேண்டும். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவும் உரிமை எனக்கு இல்லை என்பதால் அதை விட்டுவிட்டு, எந்த மென்பொருளும் கேட்காத சிறிய யுஎஸ்பி-சி ஹப் ஒன்றை, அதாவது ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் இணைப்பானை, எச்டிஎம்ஐ கேபிளோடு வாங்கி வந்தேன். வீட்டில் செருகியதும் படம் பளிச்சென்று வந்தது. விண்டோஸ் பொத்தானோடு ‘பி’ எழுத்தை அழுத்தி, திரையை நீட்டிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்து, கணக்குத் தாளை மானிட்டருக்கும் மின்னஞ்சலை மடிக்கணினிக்கும் பிரித்து வைத்தபோது, வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஐந்து மாதம் அப்படியே ஓடியது. நீண்ட தாள்களை மேலும் கீழும் உருட்டும்போது கண்ணுக்குள் ஏதோ இழுப்பது போலிருந்தது. வயதாகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எதையோ கேட்க அறைக்குள் வந்த மகள் திரையைப் பார்த்துவிட்டு, “அப்பா, உங்கள் மவுஸ் ஏன் விட்டுவிட்டுப் போகிறது?” என்று கேட்டாள். பிறகுதான் கணினி அமைப்புகளில் திரைக்குரிய மேம்பட்ட பகுதியைத் திறந்து பார்த்தேன். புதுப்பிப்பு வீதம் 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. திரை விநாடிக்கு 60 முறை மாற வேண்டிய இடத்தில் 30 முறை மட்டுமே மாறிக்கொண்டிருந்தது. அசையாத எழுத்தைப் படிக்கும்போது இந்த வேறுபாடு கொஞ்சமும் தெரியாது என்பதால்தான் அது இத்தனை நாள் என்னிடம் அகப்படவில்லை.

காரணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தது எனக்குப் பிடித்த பகுதி. 4கே திரையில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறத்தாழ 8.3 மில்லியன் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் என்று வைத்து, விநாடிக்கு 60 முறை அனுப்ப ஏறக்குறைய 12 கிகாபிட் தேவை. யுஎஸ்பி-சி துளைக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு. 2019இல் எனக்குக் கொடுக்கப்பட்ட மடிக்கணினியில் இருப்பது, படத்தைத் திரைக்கு அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் முறையின் 1.2 பதிப்பு; அதில் ஒரு தடம் விநாடிக்கு 5.4 கிகாபிட் சுமக்கும், தரவைக் குறியீடாக்கி அனுப்பச் செலவாகும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 4.32 மிஞ்சும். நான் வாங்கிய ஹப், விரைவான தரவுத் துளைகளையும் தர வேண்டியிருந்ததால், நான்கு தடங்களில் இரண்டைத் தரவுக்கு ஒதுக்கிவிட்டு இரண்டை மட்டுமே படத்துக்குக் கொடுத்தது. இரண்டு தடத்தில் 8.64 கிகாபிட்தான் போகும். பன்னிரண்டு அதில் அடங்காது, ஆனால் 30 ஹெர்ட்ஸுக்குத் தேவையான ஆறு தாராளமாக அடங்கும். கணினி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வீதத்தைப் பாதியாகக் குறைத்துப் படத்தைக் காட்டியிருக்கிறது. பிழைச்செய்தி ஒன்று வந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன்; கணினியின் இந்த மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஹப்பின் அட்டைப் பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பெரிய எழுத்தில் 4கே என்றும் அதனருகே பொடி எழுத்தில் 30 என்றும் அச்சிட்டிருந்தார்கள். ஆகவே கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை.

தீர்வு ஹப்பைவிட மலிவாக முடிந்தது. ஒரு முனை யுஎஸ்பி-சி, மறுமுனை டிஸ்பிளேபோர்ட் உள்ள நேரடிக் கேபிள் ஒன்றை வாங்கினேன். நடுவில் பங்கு கேட்க ஆள் இல்லாததால் நான்கு தடங்களும் படத்துக்கே கிடைத்தன, 60 ஹெர்ட்ஸ் உடனே வந்தது. மற்றொரு யுஎஸ்பி-சி துளை மின்னேற்றிக்குப் போய்விட்டது. புதிய மடிக்கணினிகளில் டிஸ்பிளேபோர்ட் 1.4 இருந்து, ஹப்பும் அதற்கேற்றதாக இருந்தால், இரண்டு தடத்திலேயே 60 ஹெர்ட்ஸ் கிடைத்துவிடும்.

எழுத்தின் அளவையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது. 27 அங்குலத்தில் 4கே என்றால் ஓர் அங்குலத்துக்கு 163 புள்ளிகள். பெரிதாக்காமல் விட்டால் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். 150 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். அலுவலகத்தின் பழைய மென்பொருள் ஒன்று மட்டும் ஒரு திரையிலிருந்து மற்றதற்கு இழுக்கும்போது மங்கலாகிறது, அதை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது.

நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று மேசையின் இடத்தில் இருந்தது. என் அறைச் சன்னல் பொதுத் தாழ்வாரத்தை நோக்கியது. மடிக்கணினித் திரையை யாரும் எட்டிப் பார்த்ததில்லை, ஆனால் 27 அங்குலத்தில் விரிந்திருக்கும் பிறருடைய சம்பள விவரத்தை, மின்தூக்கிக்குப் போகிறவர்கள் நின்று படிக்கவே தேவையில்லை, நடந்துகொண்டே படித்துவிடலாம். அலுவலகத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆண்டுதோறும் பயிற்சி எடுக்கும் எனக்கு இது உறைக்க ஒரு வாரம் ஆனது. மேசையைத் திருப்பி, சன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு போட்டேன். திரையில் வெளிச்சம் பட்டுக் கூசுவதும் அதோடு குறைந்தது.

ஹப் வீணாகவில்லை. மனைவியின் மடிக்கணினியை 4கே திரையின் கால் பங்கு புள்ளிகளே உள்ள எங்கள் பழைய 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரோடு அதுதான் இணைக்கிறது. அந்தத் திரைக்கு 60 ஹெர்ட்ஸில் மூன்று கிகாபிட் போதும் என்பதால், ஒரே தடத்திலேயே அது அடங்கிவிடும்.