பழுப்பு உறை வருவதற்கு முன்னால்

போன வாரம் ரெடிங்கிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். பத்து வருடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு இப்போது சொந்தமாக லிமிடெட் கம்பெனி ஆரம்பித்து, முதல் கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போடப் போகிறான். “அண்ணே, வரி விசாரணை இன்சூரன்ஸ் வேணுமான்னு அக்கவுன்டன்ட் கேக்குறாரு. அவசியமா?” என்றான். வரித்துறை விசாரணைக்கு வந்தால் நம் பக்கம் வாதாடும் நிபுணரின் ஃபீஸைப் பார்த்துக்கொள்ளும் காப்பீடு அது. ஒரு மணி நேரம் பேசியும் முழுதாகச் சொல்லி முடியவில்லை. இங்கே லண்டன் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் கான்ட்ராக்டில் இருக்கிறீர்கள், அதனால் மீதியை எழுதிவிடுகிறேன்.

எனக்கு வரித்துறையின் விசாரணைக் கடிதம் 2014 நவம்பரில் வந்தது. சனிக்கிழமை காலை, தபால் துவாரத்துக்குக் கீழே கிடந்த பழுப்பு உறை. உள்ளே இரண்டே பக்கம். எந்தெந்த க்ளையன்ட்டிடம் வேலை செய்தாய், ஒப்பந்த நகல் கொடு, இன்வாய்ஸ் கொடு, ஐஆர்35 என்ற வரி விதி உனக்குப் பொருந்தாது என்று எதை வைத்து முடிவு செய்தாய் என்று கேட்டிருந்தார்கள். ஏன் என் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அதில் இல்லை. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் வரித்துறைக்கு இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து அதை நாலு தடவை படித்தேன். மனைவி கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு கட்டணும்?” அந்த நேரத்தில் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, அதுதான் அதில் பெரிய வேதனை.

புதியவர்களுக்காக: ஐஆர்35 என்பது 1999 பட்ஜெட்டோடு வந்த ஒரு செய்திக்குறிப்பின் எண். 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நடுவில் இருக்கும் உன் கம்பெனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் நீ அந்த க்ளையன்ட்டின் ஊழியர் போலத்தான் இருக்கிறாய் என்றால், ஊழியருக்குரிய வரியையும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் கட்டு என்பதுதான் சாரம். ஊழியர் போல இருக்கிறாயா இல்லையா என்பதைப் படிவம் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1968ல் ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் வழக்கில் சொன்ன அளவுகோல்களைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள்: வேலையை எப்படிச் செய்வது என்று யார் கட்டளையிடுகிறார்கள், உனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியுமா, வேலை கொடுக்கவும் செய்யவும் இரண்டு பக்கமும் கடமைப்பட்டிருக்கிறார்களா.

2011ல் நான் கான்ட்ராக்டுக்கு வந்தபோது, அதே அலுவலகத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். இந்தத் தொழிலில் எனக்குப் பல வருடம் மூத்தவர், எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னது: “தம்பி, பெர்மனென்ட்ல இருக்கவனுக்கு ஒண்ணுன்னா ஹெச்ஆர் இருக்கு, யூனியன் இருக்கு. உனக்கு யாரு இருக்கா?” அவர் பேச்சைக் கேட்டுத்தான் பிசிஜியில் சேர்ந்தேன். ஐஆர்35ஐ எதிர்த்து 1999ல் கான்ட்ராக்டர்களே கூடி ஆரம்பித்த அமைப்பு அது. 2014ல் இப்ஸி என்று பெயர் மாற்றிக்கொண்டது. நான் எடுத்திருந்த மெம்பர்ஷிப்போடு விசாரணைக் காப்பீடும் சேர்ந்தே வந்தது. மூன்று வருடம் ரெனியூவல் வந்தபோதெல்லாம் இது தேவையா என்று யோசித்துக்கொண்டே கட்டினேன்.

கடிதம் வந்த அந்த வாரக் கடைசி முடிந்து, திங்கட்கிழமை காலை இப்ஸியின் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பேசிய பெண் முதலில் சொன்னது, “நீங்களாகப் பதில் எழுதாதீர்கள், போனிலும் பேசாதீர்கள்.” அந்த ஒரு வாக்கியத்துக்கே மூன்று வருடப் பணம் சரியாகப் போயிற்று என்பேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையே நான் ஒரு நீண்ட பதிலை எழுதி வைத்திருந்தேன். அதில், “என் மேனேஜர் லீவு கொடுத்தபோது” என்று சாதாரணமாக ஒரு வரி இருந்தது. எனக்கு ஏது மேனேஜர், யார் லீவு கொடுப்பது? பேச்சுவழக்கில் வந்த ஒரு வார்த்தை, ஆனால் ‘கட்டளை யாருடையது’ என்ற கேள்விக்கு நானே எழுதிக் கொடுக்கும் பதிலாக ஆகியிருக்கும்.

காப்பீட்டில் கிடைத்த ஆலோசகர் என்னிடம் கேட்டதெல்லாம் நான் எதிர்பார்க்காத கேள்விகள். க்ளையன்ட்டின் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குப் போனாயா, அவர்கள் கேண்டீனில் ஊழியர் விலையில் சாப்பிட்டாயா, ஒருமுறையாவது தவறைச் சொந்தச் செலவில் சரிசெய்து கொடுத்தாயா. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. டெலிவரி செய்த ஒரு மாட்யூலில் பிழை வந்து, இரண்டு சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் சரிசெய்தேன், அதற்கு இன்வாய்ஸ் போடவில்லை. அந்த ஈமெயில் தொடரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நஷ்டத்தைத் தாங்குவது தொழில் செய்பவனின் அடையாளம் என்று அதை வைத்து அவர் ஒரு பக்கம் எழுதினார். பதினான்கு மாதம் கழித்து, மாற்றம் எதுவும் இல்லை என்று ஒரு பத்தியில் கடிதம் வந்து விஷயம் முடிந்தது.

என் நண்பர் ஒருவருக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில் கடிதம் வந்தது. அவரிடம் எந்தக் காப்பீடும் இல்லை, கடிதம் வந்த பிறகு வாங்க முயன்றார். ஏற்கெனவே தொடங்கிய விசாரணைக்குக் கவர் கிடைக்காது. மணிக்கு இவ்வளவு என்று ஃபீஸ் கொடுத்து நிபுணரை வைத்தார், எட்டாவது மாதம் பணம் தீர்ந்தது. அவருடைய வாதம் என்னுடையதைவிட வலுவானது என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் பேசி முடித்துக்கொண்டு ஒரு தொகையைக் கட்டிவிட்டார். தம்பிக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். வரி வழக்கு முதலில் போகும் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. நீ ஜெயித்தாலும் நிபுணருக்குக் கொடுத்த ஃபீஸை வரித்துறை உனக்குத் திருப்பித் தராது. அதனால் நியாயம் உன் பக்கம் இருந்தாலும் கடைசிவரை நிற்க முடியுமா என்பதைப் பணம்தான் தீர்மானிக்கிறது. இந்த இன்சூரன்ஸ் வாங்கித் தருவது அந்த நிற்கும் பலத்தை.

அதே சமயம், அது என்ன தராது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சாதாரண பாலிசி நிபுணர் ஃபீஸை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். தோற்றால் கட்ட வேண்டிய வரி, வட்டி, அபராதம் எல்லாம் உன் தலையில். அதற்கும் சேர்த்துக் கவர் வேண்டுமென்றால் அது தனி பாலிசி, அதற்கு முன்னாலேயே ஒப்பந்தத்தைப் பரிசீலனைக்குக் கேட்பார்கள். ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டிருந்தாலோ, தெரிந்தே மறைத்திருந்தாலோ பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். அக்கவுன்டன்ட் தன் ஃபீஸோடு சேர்த்துக் கொடுக்கும் கவரில் ஐஆர்35 சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கு, சிலதில் இருக்காது.

2021 ஏப்ரலிலிருந்து பெரிய, நடுத்தர க்ளையன்ட்டுகள்தான் ஐஆர்35 பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கிறார்கள், இனி நமக்கென்ன என்று சிலர் சொல்கிறார்கள். க்ளையன்ட் சிறிய நிறுவனமாக இருந்தால் பொறுப்பு பழையபடி உன் கம்பெனிக்குத்தான். அதோடு, கவனக்குறைவு என்று சொல்லி ஆறு வருடம்வரை பின்னால் போக வரித்துறைக்கு அதிகாரம் உண்டு. ஐஆர்35ஐ விட்டுவிட்டாலும் விசாரணை வர வாட் இருக்கிறது, டிவிடெண்ட் (கம்பெனி லாபத்தில் பங்குதாரர் எடுப்பது) இருக்கிறது.

அப்புறம் சங்க விஷயம். இன்சூரன்ஸ் மட்டும் தனியாக மலிவாகக் கிடைக்கிறதே, மெம்பர்ஷிப் எதற்கு என்று தம்பி கேட்டான். ஆர்க்டிக் சிஸ்டம்ஸ் வழக்கைச் சொன்னேன். கணவன் கம்ப்யூட்டர் ஆலோசகர், மனைவி கணக்கு வழக்கைப் பார்க்கிறார், ஆளுக்கொரு பங்கு. மனைவிக்குப் போன டிவிடெண்டும் கணவனின் வருமானம்தான் என்றது வரித்துறை. உயர் நீதிமன்றத்தில் தோற்று, அப்பீலில் ஜெயித்து, கடைசியில் 2007 ஜூலையில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போய் அந்தத் தம்பதி ஜெயித்தார்கள். பின்னால் நின்றது பிசிஜி. ஒரு சின்னக் குடும்பக் கம்பெனி தன் பணத்தில் அவ்வளவு தூரம் போயிருக்குமா? இன்று கணவன் மனைவி இருவரும் பங்கு வைத்து டிவிடெண்ட் எடுக்கும் எத்தனையோ வீடுகள் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இருக்கின்றன, நம் வீடும் சேர்த்து. அமைப்பு எல்லாவற்றிலும் ஜெயித்ததும் இல்லை. ஐஆர்35ஐயே எதிர்த்துப் போட்ட வழக்கில் 2001ல் தோற்றது. ஆனாலும் மறுபடி கேள்வி கேட்க ஆள் இருந்தது.

தம்பி இரண்டு பாலிசிகளின் முழு வாசகத்தையும் அனுப்பியிருக்கிறான். ஒன்றில் நிபுணரை அவர்கள்தான் நியமிப்பார்களாம், இன்னொன்றில் நம் அக்கவுன்டன்ட்டையே வைத்துக்கொள்ளலாம். விலக்குகள் பகுதியை இன்று ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு, அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.